கோர்ட்டா, ஓட்டா, பதிவேடா?

அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொள்ள நினைப்பவர்கள் பல மாநிலங்களில் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் கவுண்டி கிளார்க் அலுவலகம். சர்ச், மண்டபம், விருந்து எல்லாம் அப்புறம்தான். கவுண்டி என்பதை ஏறக்குறைய நம் ஊர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருவரும் ஒரு படிவத்தை நிரப்பிக் கட்டணம் கட்டினால் திருமண லைசென்ஸ் கொடுப்பார்கள். அந்தத் தாளோடு பாதிரியாரிடமோ நீதிபதியிடமோ போய்ச் சடங்கை முடித்து, கையெழுத்து வாங்கித் திரும்பக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கிளார்க் அதைப் பதிவேட்டில் ஏற்றுவார். பிறகுதான் ஊர் உலகத்துக்கு முன்னால் அவர்கள் தம்பதி.

நான் புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனாலோ என்னவோ, ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் மணம் செய்துகொள்ளும் உரிமை அமெரிக்காவில் வந்த வரலாற்றைப் படித்தபோது, நீதிபதிகளையும் தலைவர்களையும் விட அந்தக் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மேல்தான் என் கண் போயிற்று. பெரிய வழக்குகள் சிலவற்றின் தலைப்பிலேயே அவர்கள் பெயர் இருக்கிறது. 'பேக்கர் எதிர் நெல்சன்' வழக்கில் நெல்சன் மினசோட்டா மாநிலத்தில் ஒரு கோர்ட் கிளார்க். 'வார்னம் எதிர் பிரையன்' வழக்கில் பிரையன் அயோவா மாநிலத்தில் ஒரு கவுண்டியின் பதிவாளர். படிவத்தை வாங்க மறுத்தவர் பெயர் சட்டப் புத்தகத்தில் நிரந்தரமாக ஏறிவிட்டது!

இந்தப் பக்கத்தைப் படிக்கும் என் வயதுக்காரர்கள் பலருக்கு விஷயமே பிடிக்காமல் இருக்கலாம். அது அவரவர் மனம். ஆனால் ஒரு பெரிய ஜனநாயக நாடு 45 வருடம் ஒரு கேள்வியைக் கோர்ட்டுக்கும் ஓட்டுப்பெட்டிக்கும் நடுவே பந்தாடியது எப்படி, கடைசியில் அது எப்படித் தீர்ந்தது என்பது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சரித்திரம். அதனால் எழுதுகிறேன்.

கதை 1970 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் தொடங்குகிறது. ஜாக் பேக்கர் சட்டம் படிக்கும் மாணவர். மைக்கேல் மெக்கானல் நூலகர். இருவரும் ஆண்கள். லைசென்ஸ் கேட்டுப் படிவம் கொடுத்தார்கள். ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்று மினசோட்டா சட்டத்தில் அப்போது வெளிப்படையாக எழுதப்படவில்லை. எழுத வேண்டிய அவசியம் வரும் என்று யாரும் நினைத்ததில்லை. கிளார்க் மறுத்தார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்தில் 1971-ல் தோற்றது. வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்றம் 1972-ல் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது. தாங்கள் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு இதில் ஒரு கேள்வியும் இல்லை என்பது அதன் சாரம். அந்த ஒரு வாக்கியம் 43 வருடம் மற்ற வழக்குகளுக்குக் குறுக்கே கிடந்தது.

பேக்கர் சும்மா இருக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே தன் பெயரை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ஒரு பெயராகச் சட்டப்படி மாற்றிக்கொண்டார். 1971-ல் அதே மாநிலத்தில் புளூ எர்த் என்ற இன்னொரு கவுண்டியில் மனுப் போட்டு லைசென்ஸ் வாங்கி, செப்டம்பரில் கல்யாணமும் நடந்தது. ஆனால் அது செல்லாது என்று சொல்லி அந்த அலுவலகம் பதிவேட்டில் ஏற்றவில்லை. இந்தத் தாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

அடுத்தது 1975. கொலராடோ மாநிலத்தில் போல்டர் கவுண்டி. கிளார்க் பெயர் கிளீலா ரோரெக்ஸ். வயது 31. தேர்தலில் நின்று ஜெயித்துப் பதவி ஏற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. (அங்கே பல இடங்களில் கிளார்க் பதவிக்கும் தேர்தல் உண்டு. நம்மைப் போலப் பரீட்சை எழுதி வருபவர்கள் அல்ல.) இரண்டு ஆண்கள் வந்து லைசென்ஸ் கேட்டார்கள். அந்த அம்மாள் உடனே மறுக்கவும் இல்லை, உடனே கொடுக்கவும் இல்லை. நல்ல எழுத்தர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். மாவட்ட அரசு வக்கீல் அலுவலகத்தைக் கேட்டார். கொலராடோ சட்டம் இதைத் தடுக்கவில்லை என்று பதில் வந்தது. கொடுத்துவிட்டார். மொத்தம் ஆறு ஜோடிகளுக்குக் கொடுத்த பிறகு மாநில அட்டர்னி ஜெனரல் அவை செல்லாது என்று கருத்துச் சொல்ல, நிறுத்திக்கொண்டார்.

அந்த நாட்களில் ஒருவர் கேலிக்காக ஒரு பெண் குதிரையை ஓட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து, ஆணுக்கும் ஆணுக்கும் லைசென்ஸ் உண்டென்றால் எனக்கும் என் குதிரைக்கும் கொடு என்று கேட்டார். பத்திரிகைக்காரர்களும் கூடவே வந்திருந்தார்கள். ரோரெக்ஸ் கோபப்படவில்லை. படிவத்தை எடுத்துக் குதிரையின் வயதைக் கேட்டார். எட்டு என்றார் அவர். அப்படியானால் மைனர், தாய் தகப்பன் எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும், இல்லாமல் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். கவுண்ட்டரில் உட்கார்ந்து வீம்புக்கு வரும் ஆட்களைச் சமாளித்தவர்களுக்குத்தான் இந்தப் பதிலின் அழகு தெரியும். ஆனால் வசைக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. பதவிக்காலம் முடியும் முன்பே அவர் விலகிவிட்டார்.

அந்த ஆறு ஜோடிகளில் ஒரு ஜோடி ரிச்சர்ட் ஆடம்ஸ், டோனி சல்லிவன். ஆடம்ஸ் அமெரிக்கக் குடிமகன். சல்லிவன் ஆஸ்திரேலியர். கணவன் மனைவி என்ற முறையில் சல்லிவனுக்கு அமெரிக்காவில் தங்கும் உரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். குடியேற்றத் துறை அலுவலகத்திலிருந்து வந்த மறுப்புக் கடிதத்தில், இப்படிப்பட்ட இருவருக்கிடையே உண்மையான திருமண உறவு இருக்க முடியாது என்பதை ஒரு கெட்ட வார்த்தை போட்டு எழுதியிருந்தார்கள். அரசாங்க முகவரித்தாளில், கையெழுத்தோடு! எத்தனையோ மறுப்புக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவன் நான். விண்ணப்பத்தை மறுக்கலாம், விண்ணப்பதாரரை அவமதிக்கக் கூடாது என்பதுதான் நாங்கள் கற்ற பாடம்.

அதன் பிறகு பல வருடம் பெரிய அசைவு இல்லை. 1990 டிசம்பரில் ஹவாய் தீவில் மூன்று ஜோடிகள் லைசென்ஸ் கேட்டு, மறுக்கப்பட்டு, வழக்குப் போட்டார்கள். 1993 மே மாதம் ஹவாய் உச்ச நீதிமன்றம் நாடே திரும்பிப் பார்க்கும்படி ஒன்று சொன்னது. பால் அடிப்படையில் இப்படி வேறுபாடு காட்டுவதற்கு அரசிடம் வலுவான காரணம் இருக்க வேண்டும், அதை நிரூபிக்க வேண்டியது அரசின் பொறுப்பு என்றது. 1996-ல் விசாரணை நடந்து அரசு நிரூபிக்கத் தவறியது.

ஜோடிகள் ஜெயித்துவிட்டார்களா? இல்லை. இங்கேதான் பந்து கோர்ட்டிலிருந்து ஓட்டுப்பெட்டிக்குப் போகிறது. தீர்ப்பை அமல்படுத்தாமல் நிறுத்தி வைத்திருந்த நேரத்தில், 1998-ல் ஹவாய் மக்கள் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த ஓட்டுப் போட்டார்கள். திருமணத்தை ஆண் பெண் ஜோடிக்கு மட்டும் என்று வைக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு என்பது திருத்தம். 69 சதவீதம் ஆதரவு. வழக்கு அதோடு செத்தது. இதற்கிடையே ஹவாயில் நடந்தால் தங்கள் மாநிலத்திலும் ஒப்புக்கொள்ள வேண்டி வருமோ என்று மற்ற மாநிலங்கள் பயந்தன. 1996 செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. மத்திய அரசின் எந்த விதியிலும் திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்ததுதான் என்பது அதன் சுருக்கம். செனட்டில் 85-க்கு 14. கையெழுத்துப் போட்டவர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த கிளின்டன்.

இரண்டாவது கதவு மசாசூசெட்ஸ் மாநிலத்தில் திறந்தது. 2003 நவம்பர் 18-ம் தேதி அந்த மாநில உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் லைசென்ஸ் மறுப்பது தவறு என்றது. 180 நாள் அவகாசம் கொடுத்தது. 2004 மே 17 விடியற்காலை கேம்பிரிட்ஜ் நகர மன்றம் நள்ளிரவிலேயே கவுண்ட்டரைத் திறந்து வைத்துப் படிவங்களை வாங்க ஆரம்பித்தது. படிவத்தில் மணமகன், மணமகள் என்று இருந்த இடங்களில் 'ஏ தரப்பு', 'பி தரப்பு' என்று மாற்றி அச்சடித்திருந்தார்கள். அமெரிக்காவில் தீர்ப்பின் பலத்தில் இப்படிப்பட்ட திருமணம் பதிவேட்டில் ஏறிய முதல் நாள் அதுதான்.

அதற்குச் சில மாதம் முன்னால் சான்பிரான்சிஸ்கோவில் வேறு மாதிரி நடந்தது. மேயர் கேவின் நியூசம் தன் பொறுப்பிலேயே லைசென்ஸ் கொடுக்க உத்தரவிட்டார். 2004 பிப்ரவரி 12-ல் ஆரம்பித்து மார்ச் 11-க்குள் ஏறக்குறைய 4,000 ஜோடிகள். முதல் ஜோடி டெல் மார்ட்டின், பில்லிஸ் லயன் என்ற இரண்டு வயதான பெண்மணிகள். 50 வருடமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஆகஸ்டில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்த 4,000-ஐயும் செல்லாது என்று அறிவித்தது. சட்டத்தை மீறி லைசென்ஸ் கொடுக்க மேயருக்கு அதிகாரமில்லை என்பது காரணம். மனதுக்குக் கஷ்டமான தீர்ப்புத்தான். ஆனால் அலுவலக நடைமுறை தெரிந்தவன் என்ற முறையில் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டம் சரியில்லை என்று ஒவ்வொரு அதிகாரியும் தானே முடிவு செய்துகொண்டால், நாளைக்கு இன்னொரு அதிகாரி இதற்கு நேர் எதிராகவும் முடிவு செய்வார். அப்படி ஒருவர் பின்னால் வரத்தான் போகிறார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் கிளப்பிய அலை 2004 நவம்பர் தேர்தலில் அடித்தது. ஒரே நாளில் 11 மாநிலங்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் அரசியல் சட்டத்தில் தடையை எழுதிக்கொண்டன. அடுத்த சில வருடங்களில் இன்னும் பல மாநிலங்கள். கோர்ட் ஒரு கதவைத் திறந்தால் ஓட்டுப்பெட்டி பத்துக் கதவை அடைக்கிறது, அவசரப்பட்டுக் கோர்ட்டுக்குப் போனதுதான் தப்பு என்று அந்த உரிமைக்காகப் பாடுபட்டவர்களிலேயே சிலர் நொந்துகொண்டார்கள்.

ஆனால் மசாசூசெட்ஸில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அங்கேயும் திருத்தத்தை மக்கள் ஓட்டுக்கு விட ஒரு முயற்சி நடந்தது. அந்த மாநில விதிப்படி 200 பேர் கொண்ட சட்டமன்றக் கூட்டத்தில் இரண்டு முறை 50 பேர் ஆதரித்தால் போதும். முதல் முறை 62 பேர் ஆதரித்தார்கள். 2007 ஜூன் 14-ல் இரண்டாம் முறை வந்தபோது 45 பேர்தான் மிஞ்சினார்கள். இடைப்பட்ட காலத்தில் என்ன ஆயிற்று? வானம் இடிந்து விழவில்லை. உறுப்பினர்களின் தொகுதியிலேயே பதிவேட்டில் பெயர் ஏறிய ஜோடிகள் இருந்தார்கள். அவர்கள் வந்து, எங்கள் கல்யாணத்தை ஓட்டுக்கு விடப் போகிறீர்களா என்று நேரில் கேட்டார்கள். கொள்கையை எதிர்ப்பது எளிது, எதிரே உட்கார்ந்திருப்பவரின் கல்யாணத்தை ரத்து செய்வது கடினம்.

இந்தச் சரித்திரத்தின் மையப் போர்க்களம் கலிபோர்னியா. 2008 மே 15-ல் மாநில உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்று உரிமையை ஒப்புக்கொண்டது. ஜூன் நடுவில் லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். டெல் மார்ட்டினும் பில்லிஸ் லயனும் மறுபடி முதல் ஜோடியாக மணந்தார்கள். இந்த முறை சட்டப்படி. மார்ட்டினுக்கு வயது 87. அந்த ஆகஸ்டிலேயே அவர் இறந்து போனார். பதிவேட்டின்படி மனைவியாகவே இறந்தார்.

எதிர்த்தவர்கள் கையெழுத்துத் திரட்டி 'எட்டாம் முன்மொழிவு' என்பதை நவம்பர் 4 ஓட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் மொத்தம் 14 சொற்கள். ஆண் பெண் திருமணம் மட்டுமே செல்லும் என்பது பொருள். இரு தரப்பும் சேர்ந்து 8 கோடி டாலருக்கு மேல் செலவு செய்தன. ஒபாமா ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், கலிபோர்னியா மக்கள் 52 சதவீத ஓட்டில் அந்த உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கும் குறைவான இடைவெளியில் கொடுத்ததும் எடுத்ததும் முடிந்தது.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. ஜூனுக்கும் நவம்பருக்கும் இடையே சட்டப்படி மணந்த 18,000 ஜோடிகளை என்ன செய்வது? 2009 மே 26-ல் அதே நீதிமன்றம், மக்கள் போட்ட ஓட்டு செல்லும், ஆனால் ஏற்கெனவே பதிவான 18,000 திருமணங்களும் செல்லும் என்றது. ஆக, கலிபோர்னியாவில் ஒரே தெருவில் சட்டப்படி தம்பதியான இரண்டு பெண்களும், அந்த உரிமை இல்லாத இரண்டு பெண்களும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கலாம். மக்கள் வாய்ப்பு முடிந்துபோனதை அடைக்க முடிந்தது, எழுதி முத்திரை குத்தியதை அழிக்க முடியவில்லை.

அதே 2009 ஏப்ரலில் அயோவாவில், நான் முதலில் சொன்ன பதிவாளர் பிரையன் வழக்கில், ஏழு நீதிபதிகளும் ஒரு மனதாக உரிமையை ஒப்புக்கொண்டார்கள். அயோவாவில் நீதிபதிகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மக்கள் ஓட்டில் நீடிப்பு வாங்க வேண்டும். 2010 நவம்பரில் மூன்று நீதிபதிகளின் முறை வந்தது. தலைமை நீதிபதி உட்பட மூவரையும் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தீர்ப்பின் விலை பதவி. ஆனால் தீர்ப்பு நின்றது, பதிவேடு நிரம்பிக்கொண்டே போனது. 2012-ல் நாலாவது நீதிபதியின் முறை வந்தபோது அதே மக்கள் அவரை வைத்துக்கொண்டார்கள்.

2012-ல்தான் காற்று மாறியது. அதுவரை 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் மக்கள் ஓட்டு ஏறக்குறைய எப்போதும் எதிராகவே முடிந்திருந்தது. மெய்ன் மாநிலத்தில் 2009-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தையே மக்கள் 53 சதவீத ஓட்டில் தூக்கி எறிந்தார்கள். தோற்றவர்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. வீடு வீடாகப் போனார்கள். விவாதம் செய்வதை விட்டுவிட்டு, தங்கள் குடும்பக் கதையைச் சொல்லி, அவர்கள் கதையைக் கேட்டார்கள். மூன்று வருடம் கழித்து, 2012 நவம்பர் 6-ல், அதே கேள்வியைத் தாங்களே மக்கள் முன் வைத்து ஏறக்குறைய அதே வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அன்றே மேரிலாந்திலும் வாஷிங்டன் மாநிலத்திலும் மக்கள் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். 42 வருடம் முன்னால் பேக்கரை விரட்டிய மினசோட்டாவில் தடைத் திருத்தம் தோற்றது.

பிறகு வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தின் முறை. எடித் வின்சர் என்ற நியூயார்க் மூதாட்டியின் வழக்கு அங்கே வந்தது. அவரும் தியா ஸ்பையரும் 40 வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். 2007-ல் கனடா போய் மணந்தார்கள். 2009-ல் தியா இறந்து, வீடும் சேமிப்பும் எடித்துக்கு வந்தபோது, மத்திய வரித் துறை 3,63,053 டாலர் வரி கட்டச் சொன்னது. தியா ஆணாக இருந்திருந்தால் வரி சைபர். துணையைப் பறிகொடுத்த துக்கத்தோடு, நீ அவளுக்கு யாரும் இல்லை என்ற நோட்டீசும் வந்தது. 2013 ஜூன் 26-ல் ஐந்துக்கு நாலு என்று அந்த 1996 சட்டத்தின் முக்கியப் பகுதி அடிபட்டது. கலிபோர்னியாவின் எட்டாம் முன்மொழிவும் அன்றோடு ஓய்ந்தது. கீழ்க்கோர்ட் அதை ஏற்கெனவே ரத்து செய்திருந்தது. மாநில அரசே அப்பீல் செய்யாதபோது, மற்றவர்கள் அப்பீல் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடைசி வழக்கு ஒரு இறப்புச் சான்றிதழில் ஒரு கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதைப் பற்றியது. ஓஹையோ மாநிலம் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜான் ஆர்தருக்கு நரம்புகள் செயலிழந்துபோகும் நோய். படுத்த படுக்கை. அவருடைய துணைவர் ஜிம் ஓபர்கஃபெல். இருபது வருடமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஓஹையோவில் மணக்க முடியாது. 2013 ஜூலை 11-ல் மருத்துவ வசதியுள்ள ஒரு சிறு விமானத்தில் மேரிலாந்துக்குப் போய், விமான நிலையத்தின் ஓடுதளத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார்கள். கொஞ்ச நாளில் ஒரு வக்கீல் அவர்களிடம் ஒரு வெற்றுப் படிவத்தைக் காட்டினார். ஜான் இறந்தால் ஓஹையோ கொடுக்கப்போகும் சான்றிதழ் அது. அதில் 'மணமாகாதவர்' என்று எழுதுவார்கள், உயிரோடிருக்கும் துணை என்ற கட்டத்தில் ஜிம்மின் பெயர் இருக்காது என்றார்.

அந்தக் கட்டத்துக்காக அவர்கள் வழக்குப் போட்டார்கள். பெரிய பதவி கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. ஒரு வரி. கீழ்க்கோர்ட் நீதிபதி அந்த மாதமே அவர்கள் பக்கம் உத்தரவிட்டார். அக்டோபர் 22-ல் ஜான் இறந்தபோது சான்றிதழில் ஜிம்மின் பெயர் இருந்தது. மாநில அரசு அப்பீல் போய் மேல் கோர்ட்டில் ஜெயித்தது. அது நின்றிருந்தால் அந்தப் பெயர் அழிக்கப்பட்டிருக்கும். ஆகவே ஜிம் உச்ச நீதிமன்றம் போனார். எதிர்த்தரப்பில் இருந்தது ஓஹையோ சுகாதாரத் துறை இயக்குநர், அதாவது பிறப்பு இறப்புப் பதிவுகளுக்குப் பொறுப்பானவர். 2015 ஜூன் 26, மறுபடியும் ஐந்துக்கு நாலு. நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பின்படி நாடு முழுவதும் உரிமை வந்தது. 1972-ன் ஒற்றை வாக்கியமும் ரத்தானது.

தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் மாறுபட்டு எழுதினார். மக்கள் பேசி முடிவெடுத்துக்கொண்டிருந்த விஷயத்தை ஐந்து வக்கீல்கள் முடித்துவிட்டார்கள், இப்படி வரும் உரிமையை மக்கள் மனம் ஏற்பது கடினமாகும் என்பது அவர் வாதம். எளிதில் தள்ளக்கூடிய வாதம் அல்ல. ஆனால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைத் தடுக்கும் சட்டங்களை அதே உச்ச நீதிமன்றம் 1967-ல் ஒரே தீர்ப்பில் நீக்கியது. அலபாமா மாநிலம் அந்தத் தடையைத் தன் அரசியல் சட்டத்திலிருந்து ஓட்டுப் போட்டு எடுத்தது 2000-ல். 33 வருடம் கழித்து! அப்போதும் 40 சதவீதம் பேர் எடுக்கக் கூடாது என்று ஓட்டுப் போட்டார்கள். மக்கள் மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை ஜோடிகள் கிழமாகிப் போயிருப்பார்கள்.

தீர்ப்பு வந்த கோடையில் கென்டக்கி மாநிலத்தில் ரோவன் கவுண்டி கிளார்க் கிம் டேவிஸ், என் மதநம்பிக்கை இடம் தரவில்லை என்று யாருக்குமே லைசென்ஸ் கொடுக்க மறுத்தார். நான் முன்னால் சொன்ன இன்னொரு அதிகாரி இவர்தான். கோர்ட் உத்தரவையும் மீறியதால் செப்டம்பர் 3-ல் சிறைக்குப் போனார். மறுநாள் அவருக்குக் கீழே இருந்த துணை எழுத்தர்கள் லைசென்ஸ் கொடுத்தார்கள். ஐந்து நாள் கழித்து விடுதலையானார். 2016-ல் கென்டக்கி சட்டமன்றம் படிவத்திலிருந்து கவுண்டி கிளார்க்கின் பெயரையே எடுத்துவிட்டது. எனக்கு அந்த அம்மாள் மேல் வெறுப்பு இல்லை. மனசாட்சி எல்லோருக்கும் உண்டு. ஆனால் நாற்காலி அரசாங்கத்தினுடையது. மனம் ஒப்பவில்லை என்றால் எழுந்துவிடலாம். உட்கார்ந்துகொண்டே வரிசையில் நிற்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

மற்ற நாடுகள் வேறு வழிகளில் போயின. அயர்லாந்தில் கோர்ட் கைவிட்ட பிறகு, 2015 மே 22-ல் மக்களே 62 சதவீத ஓட்டில் கொடுத்தார்கள். உலகில் நாடு தழுவிய பொது வாக்கெடுப்பில் அது முதல் தடவை. பிரெஞ்சு தெரிந்த நம் ஊர்க்காரர்கள் 2013-ல் 'மரியாழ் பூர் தூஸ்', அதாவது எல்லோருக்கும் திருமணம் என்ற சட்டத்துக்காகப் பாரிசில் நடந்த ஊர்வலங்களை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அங்கே மணம் செய்துவைப்பவர் மேயர். 2004 ஜூனில் பெக்ல் என்ற ஊரின் மேயர் துணிந்து இரண்டு ஆண்களுக்கு மணம் செய்து வைத்தார். ஒரு மாதம் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். கோர்ட்டுகள் அந்தத் திருமணத்தை ரத்து செய்தன. இது பார்லிமெண்டின் வேலை என்று ஒதுங்கின. 2013 ஏப்ரல் 23-ல் பார்லிமெண்ட் 331-க்கு 225 என்று நிறைவேற்றியது.

நம் உச்ச நீதிமன்றமும் 2023 அக்டோபர் 17-ல் ஏறக்குறைய அதே மாதிரிதான் சொன்னது. மணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, 1954-ம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்திப் படிப்பது எங்கள் வேலையும் அல்ல, பார்லிமெண்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. பார்லிமெண்ட் இதுவரை பார்க்கவில்லை. நம் நாட்டுப் பதிவாளர் அலுவலகங்களில் அந்தப் படிவத்துக்கு இன்னும் இடமில்லை.

அமெரிக்காவில் இந்த உரிமை கோர்ட்டால் வந்ததா, ஓட்டால் வந்ததா? கோர்ட் இல்லாமல் முதல் கதவு திறந்திருக்காது. ஓட்டு மாறாமல் அது திறந்தபடி நின்றிருக்காது. கலிபோர்னியா மக்கள் 2024 நவம்பரில் மறுபடி ஓட்டுப் போட்டு, 2008-ல் தாங்களே எழுதிய 14 சொற்களை அரசியல் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். ஹவாய் மக்களும் அதே நாளில் 1998 திருத்தத்தை எடுத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் மனதை மாற்றியது பதிவேட்டில் பெயர் ஏறி, வரி கட்டி, பிள்ளை வளர்த்து, பக்கத்து வீட்டில் குடியிருந்த சாதாரண ஜோடிகள் என்பதுதான் நான் புரிந்துகொண்டது.

பின்னால் வருகிறேன் என்று சொன்ன தாள்கள் பாக்கி இருக்கின்றன. போல்டர் அம்மாள் 1975-ல் கொடுத்த லைசென்சை எந்தக் கோர்ட்டும் முறைப்படி ரத்து செய்யவே இல்லை. அந்த ஆதாரத்தின் பேரில் 2016-ல் டோனி சல்லிவனுக்கு, ஆடம்ஸின் துணையை இழந்தவர் என்ற முறையில், அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் அட்டை கொடுத்தார்கள். ஆடம்ஸ் அதற்கு மூன்று வருடத்துக்கும் முன்பே இறந்துவிட்டார். பேக்கரும் மெக்கானலும் மட்டும் உயிரோடிருந்து பார்த்தார்கள். 2018-ல் மினசோட்டாவில் ஒரு நீதிபதி 1971-ம் வருடத்து அவர்கள் திருமணம் எல்லா விதத்திலும் செல்லும் என்று தீர்ப்பளித்து, அதைப் பதிவு செய்யச் சொன்னார். 47 வருடம் காத்திருந்த அந்தத் தாள் கடைசியில் பதிவேட்டில் ஏறியது.